வாய் கட்டப்பட்ட அறிவு: உடையார்பாளையம் முதல் பொறியியல் ஆய்வுக்கூடம் வரை

'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்றொரு சொல் பொறியியல் படிப்பு வட்டாரத்தில் வெகுநாளாகப் புழங்குகிறது. மதிப்பெண்ணில் கழிக்க முடியாத தலித் மாணவரை வேறு எதில் கழிப்பது என்று தேடுகிறவர்களுக்குக் கை கொடுக்கும் சொல் அது. "சப்ஜெக்ட் தெரியுது, ஆனா எடுத்துச் சொல்லத் தெரியலியே" என்பார்கள். நேர்முகத்திலும் இதே பேச்சு, ஆய்வுக் குழுவிலும் இதே பேச்சு. இதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் வருத்தத்தோடுதான் சொல்லுவார். எடுத்துச் சொல்லும் திறமை பிறவியிலே வருவது, சிலருக்கு வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது என்கிற நம்பிக்கை அந்த வருத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. 'தகுதி, திறமை' என்ற பழைய வாதத்தின் புதிய சட்டைதான் இது.

பொறியியலில் முனைவர் பட்டம் படிப்பது ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேர்ந்த நாள் முதல் சபைதான். ஆய்வுக் குழுவின் முன் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை நின்று கணக்குச் சொல்ல வேண்டும். விரிவுத் தேர்வு, துறைச் செமினார், கருத்தரங்கில் பதினைந்து நிமிடம், ஆய்விதழுக்குக் கட்டுரை, அதைக் குறை சொல்லி வரும் கடிதத்துக்குப் பதில், கடைசியில் எல்லோரும் பார்க்கப் பொது வாய்மொழித் தேர்வு. இவற்றுக்கு நடுவே இளநிலை மாணவர்களுக்கு லேபும் கணக்கு வகுப்பும் நடத்த வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த முனைவர் பட்ட விதிகள், எந்தத் துறை ஆய்வாளரானாலும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவியோ ஆய்வு உதவியோ ஒப்படைக்கலாம் என்றும் சொல்கின்றன. ஐ.ஐ.டி.க்களில் உதவித் தொகை பெறும் ஆய்வு மாணவர் வாரத்துக்கு 8 மணி நேரம் இத்தகைய வேலை செய்வது முன்பிருந்தே உள்ள வழக்கம். ஆக, இது பயிற்சியால் வருவது என்பதை அரசின் விதியே ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பயிற்சி இதுவரை யாருக்கு, எங்கே, யார் செலவில் கிடைத்தது?

இதற்குப் பதில் தேட எங்கேயும் போக வேண்டாம். எங்க உடையார்பாளையத்திலேயே இருக்கிறது.

1

உடையார்பாளையம் ஒரு பழைய ஜமீன். அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அவருக்கு உறவினர், அவரிடமே இசை பயின்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய மகன்தான் உ.வே.சாமிநாதையர் (1855-1942). அவர் தமிழ் கற்ற வழியைக் கொஞ்சம் பாருங்கள். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குள்ளேயே ஊர் ஊராக ஆசிரியர்கள். எந்த ஊரில் நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார் தகப்பனார். போன ஊரில் இவர்களுக்கு வீடு கொடுக்கவும் நெல் அளக்கவும் ஆள் இருந்தார்கள். 1871இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876இல் ஆசிரியர் மறைந்த பிறகு திருவாவடுதுறை மடத்திலேயே தங்கி, சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டே இளைய மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் விட்ட இடத்துக்கு அவர் போனபோது அங்கிருந்த ஆசிரியர்கள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். பாட்டுக்குப் பொருள் சொல்லிக் காட்டினார், வேலை கிடைத்தது.

இன்றைய சொல்லில் சொன்னால் மடத்தில் பாடம் சொன்னது 'டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப்', கும்பகோணத்தில் நடந்தது 'டெமோ கிளாஸ்'. உ.வே.சா. செய்த வேலையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவர் உழைப்பு பெரிது. வறுமையிலும் அலைந்து படித்தவர் அவர். நான் சுட்டுவது ஒன்றுதான். அவர் பிறவிப் பேச்சாளராகக் கல்லூரிக்குள் நுழையவில்லை. ஜமீன், மடம், ஊர்ப் பெரியதனக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தாங்கிய பயிற்சியின் முடிவில் நுழைந்தார். வறுமை அவருக்கும் இருந்தது, ஆனால் திண்ணைகள் திறந்திருந்தன. அதே அரியலூரில், அதே குன்னத்தில், அதே ஆண்டுகளில் சேரியில் பிறந்த ஒரு பையனுக்கு அந்தத் திண்ணையில் ஏற வழியில்லை. பாடம் நடக்கும் தெருவுக்குள் நடக்கவே வழியில்லை.

2

ஆனால் அறிவு இல்லாமலா இருந்தார்கள்? இதே உடையார்பாளையம் வட்டாரத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்றைக்குப் பொன்னேரி, அங்கேதான் கிடக்கிறது. அதன் கரை பதினாறு மைல் நீளம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் பேசுகின்றன. இப்படிப்பட்ட ஏரிகளைத் தமிழகம் முழுக்கக் கட்டிக் காத்தவர்கள் யார்? நீர்க்கட்டி என்றும் நீராணிக்காரர் என்றும் மடையர் என்றும் ஊருக்கு ஒரு பெயரில் அழைக்கப்பட்டவர்கள். பல ஊர்களில் அந்த வேலை தலித்துகளுடையது. எந்த மடையை எத்தனை நாழிகை திறந்தால் எந்தக் கண்டத்துக்குத் தண்ணீர் எட்டும், கரையில் எந்த இடத்தில் ஊற்று கசிந்தால் உடைப்பு வரும், வறட்சியில் தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்த கணக்கு. இன்றைக்கு அதே விஷயத்துக்கு 'நீரியல்', 'பாசன மேலாண்மை' என்று பெயர் வைத்து முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள்.

கொள்ளிடத்தில் அணைக்கரை இருக்கிறதே, கீழணை, அது 1836இல் கட்டியது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோனார்கள். கட்டிய ஆர்தர் காட்டன் பெயரை எல்லோரும் அறிவார்கள். மணல் ஆற்றில் அடித்தளம் போடும் முறையை இந்த மண்ணின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்தே வெள்ளைக்காரர்கள் கற்றார்கள் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கற்றுக்கொடுத்தவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை. அறிவு இருப்பது வேறு, அதைச் சபையில் எழுந்து தன் பெயரால் சொல்லுகிற உரிமை வேறு. தலித்துகளிடம் பறிக்கப்பட்டது இரண்டாவது. அந்த உரிமை இல்லாதபோது முதலாவதும் அறிவு என்ற கணக்கில் வராமல் 'கூலி வேலை' ஆகிவிடுகிறது.

பொறியியல் கல்வி என்பதே தொடக்கத்தில் கௌரவமான படிப்பாக இருக்கவில்லை. 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் அனாதை விடுதிச் சிறுவர்களைத்தான் சேர்த்தார்கள். வெயிலில் சங்கிலி பிடிக்கிற வேலை அது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. கைவேலை என்று தள்ளப்பட்டிருந்த ஒரு துறை, அரசு வேலையும் அதிகாரமும் வந்த பிறகு எப்படி ஆதிக்க சாதிகளின் 'மூளை வேலை'யாக மாறியது என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளிவந்த தம் நூலில் சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து விரிவாக எழுதியிருக்கிறார். கை நமக்கு, வாய் அவர்களுக்கு என்ற பிரிவினை அப்படித்தான் கல்லூரிக்குள் வந்து குடியேறியது.

3

இதற்கு எதிராகத் தலித்துகள் சும்மா இருக்கவில்லை. நம்முடைய முன்னோர் ஒவ்வொருவரின் வாழ்க்கையும் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவே இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்தபோது பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும் பிராமண மாணவர்கள். பேச்சுக் கொடுத்தால் ஊர், தெரு, சாதி எல்லாம் விசாரிப்பார்கள் என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். அவருடைய தன்வரலாற்றில் இருக்கிற செய்தி இது. வாயைத் திறந்தால் சாதி தெரிந்துவிடும் என்கிற பயம் இன்றைய விடுதி மாணவருக்கும் உள்ளதுதான். அந்தச் சிறுவர் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' என்று அதே சாதிப் பெயரைத் தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பேசினார். மௌனத்துக்கும் லண்டனுக்கும் இடையில் நாற்பது ஆண்டுக்குக் குறையாத பயிற்சி இருக்கிறது. பயிற்சிக்கூடம் நாமே கட்டிய சபையும் நாமே அச்சடித்த தாளும்.

எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். சட்டமன்றத்தில் அவர் பேசிய பேச்சுக்குப் பின்னால் வகுப்பறை இருந்தது. ந.சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். எங்க பக்கத்துச் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் உள்ளே போகத் தீயில் இறங்க வேண்டியிருந்த ஊரில், நம் பிள்ளைகள் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க ஓர் இடம் அமைந்தது.

அதே 1916இல், மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மானுடவியல் கருத்தரங்கில் ஒரு முனைவர் பட்ட மாணவர் எழுந்து இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின, எப்படி இயங்குகின்றன என்று கட்டுரை வாசித்தார். அம்பேத்கருக்கு அப்போது 25 வயது. அவர் பாடம் பொருளாதாரம். மேலைநாட்டு அறிஞர்கள் சொல்லியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எது சரி, எங்கே குறை என்று காட்டி, அதற்குப் பிறகு தன் கருத்தை வைத்தார். ஓர் ஆய்வு மாணவர் செமினாரில் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். வகுப்புக்குப் பாடுபட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கி வந்து கேட்டார்கள். ஆசிரியர் அறையிலோ, பொதுக் குடத்தில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சில பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். வாயால் வென்ற பிறகும் தண்ணீர்க் குடத்தில் தீட்டு இருந்தது. ஆகவே திறமை வந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. திறமையும் வேண்டும், குடத்துக்கான சண்டையும் வேண்டும்.

4

சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியுடன் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973இல். மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பதவிகளுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் 2019இல் வந்தது. மறு ஆண்டே, தில்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையில் அரசு அமைத்த குழு ஐ.ஐ.டி.க்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாணவனாக உட்கார இடம் கொடுத்தவர்கள், கரும்பலகைக்கு முன்னால் நிற்க இடம் கொடுக்க மட்டும் தயங்குவதைக் கவனியுங்கள்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றிய தோரட் குழு அறிக்கை (2007), வாய்மொழித் தேர்விலும் ஆசிரியர் மாணவர் உறவிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பதிவு செய்தது. 2008 பிப்ரவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன செந்தில்குமார் சேலம் பக்கத்துப் பன்னியாண்டி சமூகத்துப் பிள்ளை, இயற்பியல் ஆய்வு மாணவர். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படாமல் இருந்தது. கைடு இல்லாத மாணவருக்கு யார் பேசக் கற்றுக்கொடுப்பது?

அவ்வளவு தூரம் போகாமல் நடக்கிற சின்னப் பாகுபாடுகளை யாரும் எழுதுவதில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து போய் சிவில் பிரிவில் ஆய்வு முடித்த தம்பி ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மொத செமினார்ல கேள்வி கேட்டாங்கண்ணே. பதில் எனக்குத் தெரியும். மண்ணைத் தொட்டுத் தொட்டுச் செஞ்ச ஆளு நானு. இங்கிலீஷ்ல வாக்கியம் கட்டுறதுக்குள்ள அவரே வேற ஆளப் பாத்துத் திரும்பிட்டாரு. அதுக்கப்புறம் டி.ஏ. வேலை பிரிச்சாங்க. எனக்கு எப்பவும் பேப்பர் திருத்தறது, லேப் சாமான் கணக்கு எடுக்கறது. கூட இருந்தவனுக்கு டுட்டோரியல் கிளாஸ். ரெண்டு வருஷங் கழிச்சு அவன் பயோடேட்டாவுல 'கற்பித்த அனுபவம்'னு இருக்கு, எனக்கு ஒண்ணுமில்ல. அவனுக்குப் பேச்சு வரும், அதான் குடுத்தோம்னாங்க. குடுத்ததாலதான வந்துச்சு?"

கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது. திருத்துகிற வேலை ஒருவருக்கு, பேசுகிற வேலை ஒருவருக்கு என்று பிரித்தவர் அதில் சாதி பார்த்ததாகத் தானே நினைத்திருக்க மாட்டார். ஆனால் பேசத் தெரிந்தவனுக்கே பேசும் வாய்ப்பு என்று வைத்தால் திண்ணைக் கணக்கு அப்படியே தொடரும்.

அந்தத் தம்பி பிறகு செய்தது முக்கியமானது. விடுதியில் அரியர் வைத்திருந்த இளநிலைப் பையன்களுக்கு ராத்திரி மண் இயக்கவியல் சொல்லிக் கொடுத்தார். முதலில் தமிழில், அப்புறம் அதே பாடத்தை இங்கிலீஷில். "சொல்லிக் குடுக்கும்போதுதான் எனக்கே எது தெரியலன்னு தெரிஞ்சுது" என்றார். மறு பருவத்தில் எழுத்து மூலமாக டுட்டோரியல் வகுப்பு கேட்டு வாங்கினார்.

5

இப்படிக் கூட்டாகக் கற்றுக்கொள்வதற்கு நம் காலத்தில் ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. 2014இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். துண்டறிக்கை எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், விவாதித்தார்கள். 2015 மே மாதம் நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்ததும் ஜூன் மாதம் திரும்பக் கொடுத்தது. பொறியியல் மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே பேசி, தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் பதில் சொன்ன நாட்கள் அவை. எந்த 'சாஃப்ட் ஸ்கில்' வகுப்பும் கொடுக்க முடியாத பயிற்சி அது. மகாஜன சபையின் தொடர்ச்சி என்றே அதை நான் பார்க்கிறேன்.

நம் ஆய்வு மாணவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வு முடித்த நண்பர்களிடம் கேட்டுத் தொகுத்தவை இவை. உங்கள் ஆய்வை உங்கள் துறை சாராத ஒருவருக்கு, முடிந்தால் ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ, தமிழில் சொல்லிப் பாருங்கள். அங்கே விளங்காதது இங்கிலீஷிலும் விளங்காது. செமினாருக்கு முன்னால் நண்பர்கள் நாலு பேரை உட்காரவைத்து ஈவிரக்கமில்லாமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வரக்கூடிய கேள்விகளை முப்பது எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியத்தில் பதில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், தப்பில்லை. "இந்த அளவு வரைதான் சோதித்தேன், அதற்கு மேல் இனிமேல்தான் பார்க்க வேண்டும்" என்பது கௌரவமான ஆய்வுப் பதில்.

வகுப்பில் நிற்கும்போது கணக்கைப் பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் விடுங்கள். படத்தைக் கடைசி பெஞ்சுக்குத் தெரியும்படி பெரிதாக வரையுங்கள். ஒரு படி போட்டுவிட்டு நிறுத்திக் கேளுங்கள். கேட்ட பிறகு மனசுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். முன் பெஞ்சுக்காரன் உடனே சொல்லிவிடுவான். வாய் திறக்கப் பயப்படுகிறவனுக்கு அந்தப் பத்து எண்ணிக்கை வேண்டும், அது நமக்குத்தான் தெரியும். கட்டுரை எழுதும்போது படங்களையும் அட்டவணைகளையும் முதலில் வரிசைப்படுத்துங்கள், சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். தினம் அரைப் பக்கமாவது எழுதுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜெர்மன்காரர் ஜெர்மன் வாடையோடுதான் இங்கிலீஷ் பேசுகிறார், யாரும் சிரிப்பதில்லை. உடையார்பாளையம் வாடை அடித்தால் அடிக்கட்டும்.

இவையெல்லாம் மாணவர் செய்ய வேண்டியது. நிறுவனம் செய்ய வேண்டியதையும் நாம் கேட்க வேண்டும். எந்த ஆய்வு மாணவருக்கு எந்த உதவிப் பணி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை ஒவ்வொரு பருவமும் துறைப் பலகையில் ஒட்ட வேண்டும். திருத்தல், லேப், வகுப்பு மூன்றும் சுழற்சி முறையில் எல்லோருக்கும் வர வேண்டும். கற்பித்தல் பயிற்சி என்று 2022 விதி சொல்வது, காகிதத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடியாமல், மூத்த ஆசிரியர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவதாக இருக்க வேண்டும். சேர்ந்த உடனே கைடு ஒதுக்க வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் 2019 சட்டத்துக்கு விலக்குக் கேட்பதை நிறுத்த வேண்டும்.

அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த அனிதாவை யாரும் மறக்கவில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண். நீட் தேர்வை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போய், பத்திரிகையாளர்கள் முன் நின்று, தன் நியாயத்தைத் தன் வாயால் சொன்ன பெண் அவர். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். பேசத் தெரியாததால் அல்ல, பேசியதை நாடு கேட்காததால் இழந்தோம். பேசப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்கிறபோதே, கேட்கப் பயிற்சி வேண்டியவர்களையும் நாம் மறக்கக் கூடாது.

இன்றைக்கு அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துக் காலனிகளிலிருந்து பொறியியலுக்குப் போன பிள்ளைகள் பலர். அவர்களில் ஆய்வுக்குப் போனவர்கள் லீவுக்கு ஊர் வரும்போது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி, சமுதாயக் கூடத்துச் சுவரில் கரும்பலகை மாட்டி, இரண்டு மணி நேரம் பாடம் நடத்தட்டும். நடத்துகிறவருக்கு அது பயிற்சி, கேட்கிற பிள்ளைக்கு அது திண்ணை. பொன்னேரிக் கரையில் மடை திறந்தவர்களின் பேரப் பிள்ளைகள் நீரியல் பாடம் எடுக்கும் வகுப்பு ஒன்று எங்க ஊரில் நடக்க வேண்டும். அதற்கான வேலையை இந்தக் கோடை விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம்.